பாஷ் 3 பார் டி-மேப் சென்சார்: சூப்பர்சார்ஜர் பூட்டிய பெட்ரோல் ட்ரக்குக்கு எப்படி?

மேப் சென்சாரை (இன்ஜினுக்குக் காற்று போகும் குழாயான மேனிஃபோல்டின் அழுத்தத்தை அளப்பது) நம்பிப் பெட்ரோல் கணக்கிடும் ட்ரக்கில் சூப்பர்சார்ஜர் (காற்றை அழுத்தி உள்ளே தள்ளும் கருவி) பூட்டினால், முதலில் மாற்ற வேண்டியது அந்தச் சென்சாரைத்தான். பழைய 1 பார் சென்சார் ஏறக்குறைய 105 கிலோபாஸ்கலோடு நின்றுவிடும். கடல் மட்டத்தில் 8 பிஎஸ்ஐ பூஸ்ட் (சூப்பர்சார்ஜர் தரும் கூடுதல் அழுத்தம்) ஏறினால் மேனிஃபோல்டில் இருப்பதோ 156 கிலோபாஸ்கல். மிச்சக் காற்று உள்ளே போவது ஈசியூவுக்கு (இன்ஜினை இயக்கும் கணினி) தெரியாது. 105-க்கான பெட்ரோலையே விடும். கலவை லீன் ஆகும் (பெட்ரோல் குறைந்துவிடும்), நாக்கிங் (கலவை தானாகவே வெடிப்பது) வரும், பிஸ்டன் உருகும்.

அழுத்தத்தோடு காற்றின் வெப்பநிலையையும் அளக்கும் இந்த பாஷ் டி-மேப் சென்சார் 20 முதல் 300 கிலோபாஸ்கல் வரை அளக்கும்; சிக்னல் 0.4 முதல் 4.65 வோல்ட், நேர்கோடு. சாவியை ஆன் செய்து, இன்ஜினை ஸ்டார்ட் செய்யாமல் மல்டிமீட்டரில் பாருங்கள்: கடல் மட்டத்தில் 1.63 வோல்ட் காட்ட வேண்டும். 0.1 வோல்ட் பிசகினால் சுமார் 6.6 கிலோபாஸ்கல் பிழை. ஐடிலில் மேனிஃபோல்ட் 40 கிலோபாஸ்கலில் இருந்தால் அதுவே 16 சதவீதம்! சென்சாரைக் குறை சொல்லும் முன் கிரவுண்ட் வயரைச் சோதியுங்கள். கனெக்டரில் பின் (pin) 1 கிரவுண்ட், 2 வெப்பநிலை, 3 ஐந்து வோல்ட், 4 அழுத்தம்.

ரூட்ஸ், ட்வின் ஸ்க்ரூ வகை சூப்பர்சார்ஜர்களில் இதைக் காற்றைத் தள்ளும் ரோட்டருக்குக் கீழே, மேனிஃபோல்டில்தான் பொருத்த வேண்டும். ரோட்டருக்கு முன்னால் வைத்தால் பூஸ்டே தெரியாது. வெப்பநிலையும் தப்பாகும்: முன்னால் 30 டிகிரி, உள்ளே 90 டிகிரி என்றால் ஈசியூ காற்றை 20 சதவீதம் கூட்டிக் கணக்கிடும். கலவை ரிச் ஆவதோடு (பெட்ரோல் அதிகமாவதோடு), சூட்டுக்காகக் குறைய வேண்டிய இக்னிஷன் டைமிங்கும் குறையாது. இது இன்னும் ஆபத்து.

இந்தச் சென்சாரின் பலவீனம் அதன் தெர்மிஸ்டர்தான் (வெப்பநிலையை அளக்கும் பாகம்). காற்றின் சூடு மாறினால் சில நொடிகள் பிந்தித்தான் காட்டும். சூடான இன்ஜினை நிறுத்தி உடனே கிளப்பினால், சென்சாரின் உடம்பில் ஏறிய சூட்டையே காற்றின் சூடாகச் சொல்லி கலவையை லீன் ஆக்கும். வேகமாக அளக்க வேண்டுமானால் திறந்த முனையுள்ள தனி ஐஏடி (உள்ளே வரும் காற்றின் வெப்பநிலை) சென்சாரே மேல். பாஷ் சென்சாரின் தெர்மிஸ்டரையே பயன்படுத்தினால் 20 டிகிரியில் 2.5 கிலோஓம் என்ற பாஷ் அட்டவணையை ஈசியூவில் ஏற்றியே ஆகவேண்டும். அழுத்த அளவுகோலையும் மாற்றாமல் இன்ஜினை ஸ்டார்ட் செய்யவே கூடாது.

சென்சார் சரியாகச் சொன்னாலும் பெட்ரோல் வரவேண்டுமே. பெட்ரோல் அழுத்தத்தைக் கட்டுப்படுத்தும் ரெகுலேட்டருக்கு மேனிஃபோல்ட் வேக்கம் ஹோஸ் இல்லாத 58 பிஎஸ்ஐ சிஸ்டத்தில், 8 பிஎஸ்ஐ பூஸ்டில் இன்ஜெக்டர் பாய்ச்சல் 7 சதவீதம் குறையும். வைட்பேண்டில் (கலவையை அளக்கும் ஆக்சிஜன் சென்சார்) காற்று-பெட்ரோல் விகிதம் முழு லோடில் 11.5 முதல் 12 வரை நிற்கிறதா என்று பார்த்த பிறகே ட்ரக்கில் சுமை ஏற்றுங்கள்.