சறுக்கும் காரை அடக்கக் கற்றுத்தருகிறோம் என்றார்கள். என் 8,500 ரூபாய் போனது

கைப்பேசியில் என் எண்ணை அவர்கள் முடக்கி ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. கோபம் ஆறுவதற்குள் எழுதிவிடுகிறேன். பெயர் வேண்டாம். சென்னைக்கு வெளியே ‘உயர்நிலை ஓட்டுநர் பயிற்சி’ என்று ஒரு நாள் வகுப்பு நடத்துகிறவர்கள், அவ்வளவு போதும். கட்டணம் 8,500 ரூபாய்.

போன நவம்பர் மழையில், அம்மாவைப் பார்க்க விழுப்புரம் போகும்போது, மதுராந்தகம் தாண்டித் தேங்கிய நீரில் வண்டி ஏறியது. ஸ்டியரிங்கில் திடீரென்று கனமே இல்லை; திருப்பினால் கார் கேட்கவில்லை. ஒரு நொடிதான் இருக்கும். அதன்பிறகு மழை நாளில் சாவியை எடுக்கவே கை வராது.

விளம்பரத்தைப் பார்த்து அழைத்தேன். பயிற்சியாளர் கேட்டார்: “பின்சக்கரம் விலகினால் என்ன செய்வீர்கள், மேடம்?” பிரேக் போடுவேன் என்றேன். “எல்லோரும் அதைத்தான் செய்கிறார்கள். வால் எந்தப் பக்கம் போகிறதோ அந்தப் பக்கமே ஸ்டியரிங்கைத் திருப்ப வேண்டும். கண் போக வேண்டிய இடத்தைப் பார்க்க வேண்டும். இது சொல்லி வராது மேடம், உடம்பில் ஏற வேண்டும்.” அந்தக் கடைசி வார்த்தையில்தான் விழுந்தேன். சொன்னது அத்தனையும் சரி என்பதுதான் வயிற்றெரிச்சல். படமும் அனுப்பினார்: நனைத்த வழுக்குத் தளம், காரைச் சுற்றி இரும்புச் சட்டம், அதன் மூலைகளில் சிறு சக்கரங்கள். சட்டத்தை உயர்த்தினால் டயரின் பிடி குறையும், மெதுவாகப் போகும்போதே சறுக்கலை உணரலாம் என்றார். அன்றிரவே 8,500 ரூபாயை அனுப்பினேன்.

போய்ப் பார்த்தால் மனைக்கல் நட்ட லேஅவுட். பதினான்கு பேருக்கு ஒரே ஒரு பழைய கார். இரும்புச் சட்டத்தைக் காணோம். மதியம்வரை ஷாமியானாவுக்குக் கீழே, கண்ணாடியைச் சரிசெய்வது எப்படி என்ற பாடம். தண்ணீர் லாரி பன்னிரண்டு மணிக்கு வந்து தெளித்தது. என் முறை வருவதற்குள் தார் காய்ந்துவிட்டது. பக்கத்தில் உட்கார்ந்தவர் ஹேண்ட்பிரேக்கை இழுத்தார். வால் ஒரு முழம் நகர்ந்து நின்றது. “இதுதான்மா ஸ்கிட்” என்றார். பணம் கட்டும்வரை மேடம், கட்டிய பிறகு அம்மா!

எனக்கு நேர்ந்தது முன்சக்கரம் பிடி விட்ட கதை ஆயிற்றே என்று கேட்டேன். அது இரண்டாம் நிலையாம், தனிக் கட்டணமாம்.

இதைவிடக் கொடுமை பிரேக் பாடம். விட்டு விட்டு மிதிக்கச் சொன்னார்கள். அது அவர்களுடைய பழைய காருக்குச் சரி. 2019 ஏப்ரல் முதல் இங்கே விற்கும் புதிய கார்களில் ஏ.பி.எஸ். கட்டாயம்; பிரேக்கை அழுத்தும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தானே பார்த்துக்கொள்ளும் அமைப்பு அது. அவசரத்தில் மிதியை அழுத்தியபடியே பிடிக்க வேண்டும். காலடியில் தடதடவென்று அதிரும், பயந்து காலை எடுக்கக் கூடாது. அங்கே வந்த பாதிப் பேர் தவறான பழக்கத்தைக் காசு கொடுத்து வாங்கிக்கொண்டு போனார்கள்.

பணத்தைத் திருப்பிக் கேட்டேன். முதலில் “கணக்குப் பிரிவில் சொல்கிறேன்.” நான்கு நாள் கழித்து “அடுத்த வகுப்பில் இலவசமாக உட்காருங்கள்.” பிறகு “வெயில் அடித்தால் நாங்கள் என்ன செய்வது?” கடைசியில் “சான்றிதழ் வாங்கிவிட்டீர்களே!” அந்தச் சான்றிதழில் என் பெயரே பிழை. இன்று காலை முடக்கிவிட்டார்கள். 8,500 ரூபாய்!

என்னென்ன பார்த்துச் சேர வேண்டும் என்று விரிவாக எழுதத்தான் உட்கார்ந்தேன், பொறுமை இல்லை. தளத்தை நேரில் பார்க்காமல் பணம் கட்டாதீர்கள். ஒரு காருக்கு எத்தனை பேர், ஆளுக்கு எத்தனை சுற்று என்று எழுத்தில் வாங்குங்கள். தனிநபர் எண்ணுக்கு அனுப்பாதீர்கள். நான் அனுப்பினேன், இன்றுவரை ரசீது இல்லை. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் கொடுத்திருக்கிறேன். அந்தப் பதினான்கு பேரில் யாராவது இதைப் படித்தால் நீங்களும் கொடுங்கள். ஏ.பி.எஸ். கார் வைத்திருந்தால், அவர்கள் சொன்ன பிரேக்கை மறந்துவிடுங்கள்.