ஆங்கில உரையாடல் வகுப்புக்குக் காசு கட்டுவதற்கு முன் ஒரு நாள் உள்ளே இருந்து பாருங்கள்

தங்கையையோ மகளையோ லண்டன் விசாவுக்காக ஆங்கில வகுப்பில் சேர்க்க யாழ்ப்பாணத்தில் இடம் தேடித் திரிகிறவர்கள் இதைக் கட்டாயம் வாசியுங்கள். எங்கள் வீட்டில் 38,000 ரூபாயும் நான்கு மாதங்களும் வீணாகிவிட்டன. சீட்டுக் கட்டிச் சேர்த்த காசு அது. அதைவிடத் தங்கச்சி கொழும்பிலிருந்து திரும்பி வந்து இறங்கிய முகத்தைத்தான் என்னால் மறக்க முடியவில்லை.

தங்கச்சிக்குப் போன வருடம் எழுத்து, அதாவது திருமணப் பதிவு, முடிந்தது. மாப்பிள்ளை லண்டனில் இருக்கிறார். துணைவர் விசாவுக்கு விண்ணப்பிப்பவர் ஏ1 என்ற அடிப்படை நிலையிலாவது ஆங்கிலம் பேசவும் கேட்டு விளங்கவும் தெரியும் என்று காட்ட வேண்டும். 2010 நவம்பரிலிருந்து இருக்கிற விதி இது. அதற்காக எழுதுகிற, இல்லை, பேசுகிற பரீட்சைகளில் ஒன்றுதான் ஐ.ஈ.எல்.டி.எஸ். லைஃப் ஸ்கில்ஸ். அதில் வாசிப்பும் இல்லை, எழுத்தும் இல்லை. பரீட்சகரும் இரண்டு பரீட்சார்த்திகளும் ஒரு மேசையில் இருந்து 16 முதல் 18 நிமிடங்கள் பேசுவார்கள். பெயரைச் சொல்லி எழுத்துக்கூட்ட வேண்டும். வீடு, சாப்பாடு, கடை, பயணம், ஓய்வுநேரம் என்று அன்றாட விஷயங்களைப் பற்றி ஒருவரையொருவர் கேட்க வேண்டும். சிறிய ஒலிப்பதிவைக் கேட்டுப் பதில் சொல்ல வேண்டும். முடிவு சித்தி அல்லது சித்தியின்மை, அவ்வளவுதான்.

நகரத்தில் ஒரு மாடிக் கட்டடத்தில் இயங்கும் நிலையம் அது. பெயரைப் போடவில்லை, முறைப்பாடு விசாரணையில் இருக்கிறது. "அன்றாட உரையாடல் மூலம் ஆங்கிலம், ஒரு வகுப்பில் பத்துப் பேர் மட்டும், சித்தியடையாவிட்டால் காசு திருப்பித் தரப்படும்" என்று துண்டுப்பிரசுரத்தில் இருந்தது. சுவரில் கண்ணாடிச் சட்டத்துக்குள் ஒரு பதிவுச் சான்றிதழ் தொங்கியது. "அரசாங்கப் பதிவு இருக்கிறது, பயப்படாதீர்கள்" என்று அலுவலகத்தில் இருந்தவர் அதைக் காட்டினார். நானும் நம்பினேன். அது பிரதேச செயலகத்தில் எடுத்த வணிகப் பெயர்ப் பதிவு என்பது பிறகுதான் தெரிந்தது. பலசரக்குக் கடை திறப்பவரும் அதைத்தான் எடுப்பார். பயிற்சி நிலையங்களைப் பதிவு செய்வது 1990ஆம் ஆண்டின் 20ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் உள்ள மூன்றாம் நிலை மற்றும் தொழிற்கல்வி ஆணைக்குழு. அந்தப் பதிவு இலக்கம் இருக்கிறதா என்று நான் முதல் நாளே கேட்டிருக்க வேண்டும்.

பத்துப் பேர் என்றார்கள். தங்கச்சி எண்ணிப் பார்த்தபோது 46 பேர். கதிரை போதாமல் பின்னால் வாங்கு போட்டிருந்தார்களாம். இரண்டு மணி நேர வகுப்பில் ஆளுக்கு இரண்டரை நிமிடத்துக்குக் கொஞ்சம் மேலேதான் வரும். அந்த இரண்டரை நிமிடமும் கிடைக்கவில்லை. அறுபது உரையாடல்கள் கொண்ட போட்டோகொப்பிப் புத்தகம் ஒன்றைக் கொடுத்தார்கள். சேர் ஒரு வரி வாசிப்பார், 46 பேரும் சேர்ந்து திருப்பிச் சொல்வார்கள். தபாலகத்தில் தந்தி அனுப்புவது எப்படி என்று ஒரு உரையாடல் அதில் இருந்தது. இந்தக் காலத்துப் பிள்ளைக்கு அது எதற்கு? சொன்ன 24 வகுப்புகளில் 17தான் நடந்தன.

தங்கச்சி இரவு பதினொரு மணிவரை விறாந்தையில் நடந்து நடந்து அந்த அறுபதையும் பாடமாக்கினாள். இரண்டு பேருடைய வரிகளையும் அவளே சொன்னாள். எனக்கு அது பெருமையாக இருந்தது. கேள்வி எப்போதும் புத்தகத்தில் உள்ளபடியே வரும் என்று அவளும் நானும் நினைத்துக்கொண்டோம்.

கொழும்பில் நடந்த பரீட்சையில் அவளோடு இருந்த மற்றப் பரீட்சார்த்தி சாப்பாட்டைப் பற்றிப் பேச வந்ததும் கேட்டது ஒரே ஒரு கேள்வி: "ஹூ குக்ஸ் இன் யுவர் ஹவுஸ்?" உங்கள் வீட்டில் யார் சமைப்பது? தங்கச்சிக்கு "குக்" என்ற சொல் மட்டும் காதில் விழுந்திருக்கிறது. பதினான்காவது உரையாடலை, "மை ஹொபி இஸ் குக்கிங்" என்று தொடங்கி, ஒன்பது வரியும் ஒப்புவித்தாள். அவர் திரும்பவும் கேட்டார். இவள் திரும்பவும் முதல் வரியிலிருந்து தொடங்கினாள். பஸ்ஸில் திரும்பி வரும்போது என் தோளில் சாய்ந்துகொண்டு, "அம்மா என்று ஒரு சொல் சொல்லியிருந்தால் போதும் அக்கா" என்றாள்.

அந்த ஒரு சொல்லைச் சொல்ல அவளுக்குத் தெரியாமலா போனது? கேள்வியைக் கேட்டு, விளங்கி, அந்தக் கேள்விக்கு மட்டும் பதில் சொல்லும் பழக்கத்தை நான்கு மாதத்தில் ஒரு நாள்கூட அவளுக்குக் கொடுக்கவில்லை. தமிழில் நாங்கள் "என்ன செய்கிறீர்கள்?" என்று கேட்டால் தொழிலையும் கேட்கலாம், இப்போது கையில் இருக்கும் வேலையையும் கேட்கலாம். ஆங்கிலத்தில் "வட் டூ யூ டூ" வேறு, "வட் ஆர் யூ டூயிங்" வேறு. இதைப் பிரித்துக் காட்டுவதற்கு இரண்டு பேர் எதிரெதிரே இருந்து பேசினால் ஐந்து நிமிடம் போதும். கூட்டமாகக் கத்தினால் ஐந்து வருடமும் போதாது.

காசைக் கேட்கப் போனேன். பற்றுச்சீட்டின் பின்பக்கத்தைத் திருப்பிக் காட்டினார்கள். "செலுத்திய கட்டணம் எக்காரணம் கொண்டும் மீளளிக்கப்படமாட்டாது" என்று எறும்பு ஊர்ந்தது போன்ற எழுத்தில் இருந்தது. துண்டுப்பிரசுரத்தை எடுத்துக் காட்டினேன். "அது பழைய விளம்பரம்" என்றார்கள். அதற்குப் பதிலாக, பிரித்தானியக் கொடி போட்ட தங்கள் சான்றிதழ் ஒன்றைத் தருவதாகச் சொன்னார்கள். அந்தச் சான்றிதழை வைத்து விசாவுக்கு ஒன்றும் செய்ய முடியாது. பிரித்தானிய உள்துறை ஏற்றுக்கொண்ட பரீட்சைகளுக்குத்தான் அங்கே மதிப்பு. தங்கள் சான்றிதழே விசாவுக்குப் போதும் என்று யாராவது சொன்னால் அந்த இடத்திலேயே எழும்பி வந்துவிடுங்கள்.

பாவனையாளர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுதிப் போட்டிருக்கிறேன். 1977 என்ற இலக்கத்துக்கு அழைத்தால் வழி சொல்வார்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டப்படி, சேவையைப் பெற்று மூன்று மாதங்களுக்குள் எழுத்தில் முறையிட வேண்டும். நான் ஒன்பது நாள் மிச்சம் இருக்கும்போதுதான் அனுப்பினேன். துண்டுப்பிரசுரத்தை அம்மா சாமிப்பட அலுமாரிக்குள் மடித்து வைத்திருந்தது நல்லதாகப் போயிற்று.

இப்போது எங்கள் ஒழுங்கையில் இருக்கும் ஓய்வுபெற்ற ஆங்கில ரீச்சரிடம் பின்னேரங்களில் போகிறாள். காசு வாங்க மாட்டேன் என்கிறார். அங்கே புத்தகம் இல்லை. முருங்கையிலை உருவிக்கொண்டே பேச்சு நடக்கிறது. ரீச்சர் ஒன்று கேட்பார், இவள் சுருக்கமாகப் பதில் சொல்லி, உடனே ஒரு கேள்வியைத் திருப்பிக் கேட்க வேண்டும். இன்றைக்கு மீன் என்ன விலை, எந்தச் சந்தை, யார் வாங்கியது, ஏன் பாரை வாங்கவில்லை. நாளைக்கும் மீன்தான், ஆனால் கேள்விகள் வேறு. முதல் கிழமை இவள் அழாத குறை. போன செவ்வாய்க்கிழமை, யாரும் சொல்லாமலேயே, "ஹூ குக்ஸ் இன் யுவர் ஹவுஸ், ரீச்சர்?" என்று கேட்டாளாம். அடுத்த மாதம் திரும்பவும் பரீட்சைக்குப் போகிறாள்.

அந்த வகுப்புக்குக் கிளிநொச்சியிலிருந்து இரண்டு பஸ் மாறி வரும் ஒரு பிள்ளை, கட்டிய காசு போய்விடுமே என்று இன்னும் போய்க்கொண்டிருக்கிறாள். அவளுக்கு முறைப்பாட்டுக் கடிதத்தின் பிரதியைக் கொடுத்திருக்கிறேன். அங்கே படித்த மற்றவர்கள் யாராவது இதைப் பார்த்தால், பற்றுச்சீட்டையும் துண்டுப்பிரசுரத்தையும் எறிந்துவிடாமல் எடுத்து வைத்துக்கொண்டு எனக்கு எழுதுங்கள். சேர்ந்தே முறையிடலாம்.