ரீவோ அன்இன்ஸ்டாலர்: நாலு பேர் புழங்கும் கம்ப்யூட்டரில் எவ்வளவு தூரம் வரும்?

எங்கள் வீட்டில் ஒரே கம்ப்யூட்டர், நாலு பேருக்கு நாலு யூசர் அக்கவுண்ட். இன்ஸ்டால் செய்ய எல்லாரும் உண்டு, எடுத்துப்போட ஆள் கிடையாது. போன மாதம் ஒரு நோட்ஸ் மென்பொருளை நீக்கிவிட்டு இரண்டு நாள் கழித்து மறுபடி போட்டேன். புதிதாக லாகின் கேட்கும் என்று பார்த்தால், எப்போதோ என் அக்கவுண்டில் உட்கார்ந்து தம்பி லாகின் செய்து வைத்ததும் அவன் எழுதியதும் அப்படியே வந்து நிற்கின்றன. படிக்காமல் மூடிவிட்டேன், நம்புங்கள்.

இதில் அதிசயம் ஒன்றும் இல்லை. நிறைய மென்பொருள்கள் வேண்டுமென்றேதான் செட்டிங்ஸை விட்டுவிட்டுப் போகின்றன, திரும்ப இன்ஸ்டால் செய்தால் உதவும் என்று. ஃபயர்ஃபாக்ஸை நீக்கினாலும் புக்மார்க், பாஸ்வேர்ட் எல்லாம் இருக்கும் ப்ரொஃபைல் ஃபோல்டர், யூசரின் செட்டிங்ஸையும் தகவலையும் மென்பொருள்கள் சேமித்து வைக்கும் ஆப்டேட்டா ஃபோல்டருக்குள் தங்கிவிடும். சொந்தக் கம்ப்யூட்டரில் அது வசதி, பொதுக் கம்ப்யூட்டரில் தலைவலி.

சரி, மென்பொருளை மிச்சத்தோடு சேர்த்து நீக்குவதற்கான ரீவோவுக்கு வருவோம். நான் போட்டது இலவசப் பதிப்பு. முதலில் அந்த மென்பொருளின் சொந்த அன்இன்ஸ்டாலரை ஓடவிடுகிறது, அப்புறம் மிச்சம் மீதியைத் தேடுகிறது. சேஃப், மாடரேட், அட்வான்ஸ்டு என்று மூன்று நிலை. மாடரேட் போதும். அட்வான்ஸ்டில் வருவதை எல்லாம் செலக்ட் ஆல் போட்டு அழிக்கிற ஆளாக இருந்தால் அந்தப் பக்கமே போகாதீர்கள். ஒரே நிறுவனத்தின் இரண்டு மென்பொருள்கள் ஒரே ஃபோல்டரைப் பங்கு போட்டுக்கொண்டிருக்கலாம், ஒன்றைத் துடைக்கப் போய் இன்னொன்றும் சேர்ந்து படுத்துவிடும். ரெஜிஸ்ட்ரி (விண்டோஸும் மென்பொருள்களும் செட்டிங்ஸைப் பதிந்து வைக்கும் இடம்) பட்டியலில் தடித்த எழுத்தில் இருப்பவைதான் மிச்சங்கள், மற்றவை அவை எங்கே இருக்கின்றன என்று காட்டும் வழி மட்டும். இது தெரியாமல் முதல் தடவை ரொம்ப நேரம் முழித்தேன். ஏதாவது கெட்டுப்போனால் பழைய நிலைக்குத் திரும்ப, ஆரம்பத்திலேயே ரீஸ்டோர் பாயிண்ட் ஒன்றும் போட்டுக்கொள்ளும், ஆனால் விண்டோஸில் சிஸ்டம் புரொடெக்‌ஷன் ஆன் ஆகியிருக்க வேண்டும், அதை முதலில் பார்த்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே நீக்கிவிட்ட மென்பொருளின் மிச்சத்தைத் தேடும் ஃபோர்ஸ்டு அன்இன்ஸ்டால் காசு கொடுக்கும் ப்ரோவில்தான். அதற்காக வாங்க வேண்டாம். அதே மென்பொருளை மறுபடி இன்ஸ்டால் செய்து ரீவோ வழியாக நீக்கினால் அனேகமாக வேலை முடிந்துவிடும், என் கதையும் அப்படித்தான் முடிந்தது.

முடிந்தது என்றால், என் அக்கவுண்டில் மட்டும். ஒவ்வொரு யூசருக்கும் ஆப்டேட்டா தனி, ரெஜிஸ்ட்ரியில் அவரவர் பகுதியும் தனி. அந்தப் பகுதி அவரவர் ப்ரொஃபைலில் ஒரு ஃபைலாக இருக்கிறது, அவர் லாகின் செய்யும்போதுதான் விண்டோஸ் அதைத் திறக்கிறது. அதனால் என் அக்கவுண்டில் உட்கார்ந்து துடைத்தால் வீடே சுத்தம் என்று நினைக்க முடியாது. இது ரீவோவின் குறை இல்லை, விண்டோஸின் அமைப்பே அப்படி. மற்றவர்களை உட்கார வைத்து, ரன் பெட்டியில் இரண்டு சதவிகிதக் குறிகளுக்கு நடுவே ஆப்டேட்டா என்று ஆங்கிலத்தில் அடிக்கச் சொன்னேன், ரோமிங் ஃபோல்டர் திறக்கும். பக்கத்திலேயே லோக்கலும் இருக்கும். இரண்டிலும் அந்த மென்பொருள் பெயரில் இருந்ததைக் கையாலேயே அழித்தோம். சி டிரைவில் ப்ரோகிராம்டேட்டா என்று மறைந்திருக்கும் ஃபோல்டர் எல்லாருக்கும் பொது, அதை ஒரு தடவை பார்த்தால் போதும்.

ஒருவர் இனிமேல் அந்தக் கம்ப்யூட்டருக்கு வரவே மாட்டார் என்றால் இந்தப் பாடே வேண்டாம், செட்டிங்ஸில் அக்கவுண்டையே டேட்டாவோடு நீக்கிவிடலாம். யூசர்ஸ் ஃபோல்டருக்குள் போய் அவர் பெயரில் இருப்பதை மட்டும் டெலீட் செய்யாதீர்கள். ரெஜிஸ்ட்ரியில் பதிவு நின்றுவிடும், மறுபடி அவர் லாகின் செய்தால் தற்காலிக ப்ரொஃபைல்தான் வரும்.

ஐந்துக்கு நான்கு ஸ்டார் கொடுப்பேன். எங்கள் வீட்டில் மூன்று அக்கவுண்ட் சுத்தம். தங்கை மட்டும் தன் அக்கவுண்ட் பக்கம் யாரையும் விட மாட்டேன் என்கிறாள், அவளுடையது அப்படியே கிடக்கிறது.