ச்சூ 2-வா வான்எரா? ரெண்டாயிரம் ரூபா இயர்போனுக்கு ஆம்ப் தேவையா?

ரெண்டாயிரம் ரூபாய்க்குள்ள நல்ல ஒயர் இயர்போன் தேடுனா மூன்ட்ராப் ச்சூ 2, டாங்ஸு வான்எர் ரெண்டும் கண்டிப்பா லிஸ்ட்ல வந்து நிக்கும். ரெண்டையும் வாங்கிக் கேட்டுட்டு வான்எரை நான் வச்சுக்கிட்டேன், ச்சூவை தம்பி எடுத்துக்கிட்டான். டிரைவர், அதாவது உள்ள சத்தம் எழுப்புற குட்டி ஸ்பீக்கர், ரெண்டுலயும் 10 மில்லிமீட்டர் டைனமிக் ஒண்ணுதான், கேபிளும் ரெண்டுலயும் கழட்டி மாட்டலாம், ச்சூ மெட்டல் பாடி, வான்எர் பிளாஸ்டிக். இதெல்லாம் பெரிய விஷயமே இல்ல.

எல்லாரும் குழம்புற இடம் ஆம்ப்தான், அதாவது சிக்னலைக் கூட்டிக் குடுக்கற தனி ஆம்ப்ளிஃபையர். ஸ்பெக் பாத்தா சென்சிட்டிவிட்டி, அதாவது குடுக்கற சிக்னலுக்கு எவ்வளவு சத்தம் வரும்ங்கற அளவு, ச்சூவுக்கு 119, வான்எருக்கு 107. உடனே வான்எர் சத்தம் கம்மி, ஆம்ப் இல்லாம ஓடாதுன்னு முடிவு கட்டிடறாங்க. ஆனா அந்த 119 வந்து ஒரு வோல்ட் குடுத்தா வர்ற டெசிபல், 107 வந்து ஒரு மில்லிவாட் குடுத்தா வர்றது, ரெண்டையும் அப்படியே பக்கத்துல வச்சுப் பாக்கவே கூடாது. வான்எரோட மின்தடை 20 ஓம், அதுல ஒரு வோல்ட் குடுத்தா 50 மில்லிவாட் போகும், பவர் 50 மடங்கு ஏறுனா சத்தம் 17 டெசிபல் ஏறும், ஆக 107 கூட 17, மொத்தம் 124. கம்மின்னு நெனச்சதுதான் கணக்குப்படி 5 டெசிபல் கூட இருக்கு! பீஸுக்கு பீஸ் ஓம் கொஞ்சம் மாறும், அதனால அந்த அஞ்சு முன்னபின்ன இருக்கலாம், ஆனா ஆம்ப் கேக்குற இயர்போன் இது இல்லங்கறது மாறாது.

இப்ப எவ்வளவு பவர் வேணும்னு பாருங்க. நிதானமா கேக்குறவங்களுக்கு சராசரி 75, 80 டெசிபல் போதும், தவில் தனி மாதிரி இடத்துல அது 100 வரை எகிறும்னே வச்சுப்போம். அந்த 100-ஐத் தொட வான்எருக்கு 0.2 மில்லிவாட், வோல்ட்ல சொன்னா 0.06 போதும், ச்சூவுக்கு சுமார் 0.11 வோல்ட். போன்ல இயர்போன் மாட்டுற குட்டி அடாப்டர், அந்த சாதாரண டைப்-சி டாங்கிளே அரை வோல்ட்ல இருந்து ஒரு வோல்ட் வரை குடுக்குது. அப்புறம் எதுக்கு அஞ்சாயிரம் போட்டு ஆம்ப்? 300 ஓம் பெரிய ஹெட்ஃபோன் வச்சிருந்தா அது வேற கதை. இந்த மாதிரி சென்சிட்டிவ் இயர்போனைப் பெரிய ஆம்ப்ல மாட்டுனா பாட்டு இல்லாதப்ப பின்னாடி உஸ்ஸுன்னு கேக்கவும் வாய்ப்பிருக்கு, வால்யூமும் ரெண்டாவது படியிலயே காதைக் கிழிக்கும்.

ஆம்ப் போட்டதும் சவுண்டே திறந்துடுச்சுன்னு சொல்றவங்க முக்கால்வாசி பேர் வால்யூமை சமன் பண்ணாமத்தான் கேக்குறாங்க. ஒரு டெசிபல் கூட இருந்தாலே அதுதான் தெளிவா இருக்குன்னு காது நம்பிடும். டாங்கிள்ல ஒரு தடவை, ஆம்ப்ல ஒரு தடவை ஒரே டெஸ்ட் டோனை ஓட்டி, மில்லிவோல்ட் காட்டுற மல்டிமீட்டர்ல ரெண்டையும் ஒரே அளவுக்குக் கொண்டுவந்துட்டு அப்புறமா பாட்டு போட்டுப் பாருங்க, அந்த வித்தியாசத்துல பாதிக்கு மேல காணாமப் போயிடும்.

சரி சவுண்டு எப்படின்னா, நான் முதல்ல போடுறது மிருதங்கம். தொப்பி பக்கம், அதாவது கனமான நாதம் வர்ற இடது பக்கம், கையை அழுத்தித் தேய்ச்சு கும்கி குடுக்கறப்ப அந்த ஸ்வரம் வளைஞ்சு மேல ஏறுறது வான்எர்ல வழவழன்னு கேக்குது, வலது பக்கமான வலந்தலைல விழற சாப்பு அடியும் உறுத்தாம வருது. ச்சூல அடிமட்ட பேஸ் இன்னும் கொஞ்சம் ஆழம், மேல ஜால்ரா, ஹைஹாட் எல்லாம் பளிச்சுனு இருக்கும், புதுப் படப் பாட்டு கேக்குறவங்களுக்கு அது ரொம்பப் பிடிக்கும், தம்பி அதுக்குத்தான் அதை விட மாட்டேங்கறான். எனக்கு நாதஸ்வரம் வந்ததும்தான் முடிவாச்சு, ச்சூல வால்யூம் ஏத்துனா வாய் வச்சு ஊதுற சீவாளியோட சத்தம் காதுல குத்துது, வான்எர்ல ஒரு முழுக் கச்சேரி கேட்டாலும் அலுப்பு தட்டல. கேமிங்குக்கு நான் ரெண்டையும் போட்டதே இல்ல, அந்தப் பக்கம் தெரிஞ்சவங்க சொன்னாத்தான் சரியா இருக்கும்.

ஒண்ணு மட்டும் ச்சூ பக்கம் பலம், அதோட மூக்கு, அதாவது டிப் மாட்டுற குழாய் முனை, தனியா திருகிக் கழட்டுற மாதிரி இருக்கு, வேர்வையும் அழுக்கும் சேர்ந்து ஃபில்டர் அடைச்சா மாத்திக்கலாம். நம்ம ஊர் புழுக்கத்துல இது சின்ன விஷயம் இல்ல. வான்எர்ல அந்த வசதி கிடையாது, கேட்டு முடிச்சதும் துடைச்சு சிலிக்கா ஜெல் பாக்கெட்டோட டப்பால போட்டு வைக்கறேன்.

ஆம்புக்கு எடுத்து வச்ச காசுல முதல்ல ரெண்டு மூணு சைஸ் நல்ல டிப்ஸ், அதாவது காதுக்குள்ள போற மெத்து முனை, வாங்குங்க. பாட்டு ஓடறப்ப இயர்போனை விரலால லேசா உள்ள அமுக்குங்க, பேஸ் திடீர்னு ஏறுச்சுன்னா டிப் சரியா அடைக்கலன்னு அர்த்தம், அதை எந்த ஆம்பும் சரி பண்ணாது. எனக்கு இடது காதுக்கு மீடியம், வலதுக்கு லார்ஜ்.