ஒரு மீனாட்சி ஆச்சிக்கு மூன்று பதிவு எண்கள்

காரைக்குடிப் பக்கம் ஐம்பது படுக்கைகள் கொண்ட ஒரு மருத்துவமனையில் நிர்வாகம் பார்க்கிறேன். கணினி படித்தவன் இல்லை. ரெக்கார்டு அறையில் கேஸ் ஷீட்டுகளை அடுக்கிக்கொண்டிருந்தவன். எந்த நோட்டு எந்த அலமாரியில் இருக்கிறது என்று தெரிந்த ஒரே ஆள் என்பதால், 2018இல் மருத்துவமனை முழுவதுக்குமான மென்பொருள் வந்தபோது அதையும் என் தலையில் கட்டினார்கள். எல்லாம் அடங்கிய ஒரே மென்பொருள் நல்லதா, துறைக்குத் தனியாக வாங்குவது நல்லதா என்று தேவகோட்டை, திருப்பத்தூர்ப் பக்கத்திலிருந்து அடிக்கடி கேட்கிறார்கள். இரண்டையும் வாங்கி இரண்டிலும் பட்டவன் என்ற முறையில் எழுதுகிறேன்.

இரண்டில் முதலில் வாங்கியது எல்லாம் அடங்கிய வகை; பொது மென்பொருள் என்று கீழே சொல்வது இதைத்தான். முதல் ஆறு மாதம் எல்லோரும் திட்டினார்கள். இரவுப் பணி நர்ஸ்கள் நோட்டிலும் எழுதிக் கணினியிலும் ஏற்றினார்கள். அதன் பிறகு நோட்டை யாரும் தேடவில்லை. சர்க்கரைப் பரிசோதனை முடிந்த நிமிடமே அளவு டாக்டரின் திரையில் தெரிகிறது. வார்டில் போட்ட ஊசி தானாகப் பில்லில் ஏறுகிறது. முன்பெல்லாம் காலை எட்டு மணிக்கு "வீட்டுக்குப் போகலாம்" என்று டாக்டர் சொன்னாலும், மருந்து, லேப், அறை வாடகைச் சீட்டுகளைச் சேர்த்துக் கூட்டிக் கணக்கு முடிக்க மத்தியானச் சாப்பாட்டு நேரமாகிவிடும். இப்போது பத்து மணிக்குள் காரில் ஏறிவிடுகிறார்கள். பொது மருத்துவம், எலும்பு, பிரசவம் மூன்றுக்கும் இது போதும். பிரசவப் பக்கம் கொஞ்சம் மொண்ணைதான், ஆனால் வேலை நடக்கிறது.

மாட்டிக்கொண்டது கண் பிரிவில். கண்ணைப் பரிசோதிக்கும்போது எல்லாமே இரண்டிரண்டாக வரும். வலக் கண்ணுக்கு ஒரு பார்வை அளவு, இடக் கண்ணுக்கு ஒன்று. கண்ணாடி பவரில் கோளம், உருளை, அச்சு என்று மூன்று எண்கள் ஒவ்வொரு கண்ணுக்கும். கண் அழுத்தம், புரை அறுவைக்கு முன் லென்ஸ் பவர் கணக்கு, விழித்திரைப் படம். எங்கள் மென்பொருள் இத்தனைக்கும் சேர்த்துக் கொடுத்தது 'குறிப்பு' என்ற ஒரே பெட்டி. டாக்டர் அம்மா அதற்குள் எல்லாவற்றையும் தட்டச்சு செய்தார். மூன்று ஆண்டுகளில் ஒருவருக்குக் கண் அழுத்தம் எப்படி ஏறியது என்று பார்க்க வேண்டுமானால் பத்துப் பதினைந்து குறிப்புகளைத் திறந்து படிக்க வேண்டிவரும். இரண்டு மாதத்தில் அவர் பழையபடி இரண்டு வட்டம் அச்சடித்த தாளுக்கே போய்விட்டார். நாங்கள் அதை ஸ்கேன் செய்து ஏற்றினோம். தாள் கணினிக்குள் இருந்தது, அதில் எழுதியிருந்த ஒரு எண்ணைக்கூடக் கணினியால் தேடி எடுக்க முடியவில்லை.

2020இல் கண் பிரிவுக்கு மட்டும் தனி மென்பொருள் வாங்கினோம். டாக்டர் அம்மாவின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். இரண்டு கண்களும் பக்கம் பக்கமாக, அழுத்தம் வரைபடமாக, பரிசோதனை இயந்திரத்தின் எண்கள் நேராகத் திரைக்கு. தனி மென்பொருள்காரர்கள் தங்கள் துறையை எவ்வளவு கரைத்துக் குடித்திருக்கிறார்கள் என்பது அப்போதுதான் புரிந்தது.

தொல்லை வாசலில் தொடங்கியது. ஐயாவின் பெயரைப் பேரனுக்கும் அப்பத்தாவின் பெயரைப் பேத்திக்கும் வைக்கும் ஊர் இது. ஒரே தெருவில் நான்கு மீனாட்சி, மூன்று அழகம்மை. ஆளைப் பிரித்தறிய நகரத்தார் வீடுகளில் விலாசம் உண்டு; முன்னோர் பெயர்களின் முதலெழுத்துகள் வரிசையாக வரும். கண் மென்பொருளில் இனிஷியலுக்கு ஓர் எழுத்துதான் இடம். போதாக்குறைக்கு அழகம்மையை ஆங்கிலத்தில் ஒருவர் ஒரு மாதிரி எழுதுவார், அடுத்த முறை வேறு மாதிரி. பொதுக் கவுன்ட்டர், கண் கவுன்ட்டர் இரண்டிலும் தனித்தனியாகப் பதிவு நடந்ததால், ஒரே மீனாட்சி ஆச்சிக்கு ஒரு வருடத்தில் மூன்று எண்கள் விழுந்தன. "நான் ஒருத்திதானே அப்பா வருகிறேன்?" என்று அவரே கேட்டுவிட்டார்.

சிரித்துவிட்டுப் போகலாம் என்று நினைத்திருந்தோம், அதே ஆண்டு நடந்த இன்னொன்று சிரிக்க விடவில்லை. ஒருவருக்குச் சல்ஃபா மருந்து ஒத்துக்கொள்ளாது என்று பொது மென்பொருளில் சிவப்பு எழுத்தில் இருந்தது. கண் அழுத்தம் திடீரென ஏறி வந்த அவருக்கு, அழுத்தத்தைக் குறைக்கும் அசெட்டசோலமைடு மாத்திரை எழுதப்பட்டது. அதுவும் சல்ஃபா மருந்துகளைப் போலவே சல்ஃபோனமைடு வகைதான். ஒவ்வாமை உள்ளவர் என்றால் டாக்டர் ஒருமுறைக்கு இருமுறை யோசிப்பார். கண் மென்பொருளின் திரையில் அந்தச் சிவப்பு எழுத்து இல்லை. மருந்துக்கடைத் தம்பி பில் போடும்போது கவனித்து மேலே ஓடி வந்தார். பினாங்கிலும் ரங்கூனிலும் இருந்த கடைக் கணக்கைக் கப்பல் தபாலில் வாங்கி ஊர்ப் பேரேட்டில் சேர்த்தவர்கள் வாழ்ந்த மண்ணில், மாடிக்கும் கீழ்த்தளத்துக்கும் கணக்கு சேரவில்லை.

அதற்குப் பிறகு இரண்டு நிறுவனங்களையும் உட்கார வைத்துப் பேசினோம். "எச்எல்7 இருக்கிறதா?" (மருத்துவ மென்பொருள்கள் தங்களுக்குள் தகவல் பரிமாறிக்கொள்ளும் பொது முறை அது) என்று கேட்டால் இரண்டு பேருமே இருக்கிறது என்றார்கள். ஒன்று தகவலை அனுப்பும், வாங்காது என்பது கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிந்தது. இணைப்பு அறுந்தால் அவர்கள் பக்கம் கோளாறு என்று இவர்களும், இவர்கள் பக்கம் என்று அவர்களும் சொல்வார்கள். கல்யாண வீட்டில் சம்பந்திகள் நடுவே மாட்டிக்கொண்ட சமையல்காரர் போல நான்கு மாதம் அலைந்தேன். அந்த நான்கு மாதமும் ஒரு நர்ஸ் ஒவ்வாமைப் பட்டியலைக் கையால் பார்த்துப் பார்த்து ஏற்றினார்.

இப்போதைய ஏற்பாடு இது. புதுப் பதிவு பொது மென்பொருளில் மட்டும். கண் மென்பொருளில் புது நோயாளியை உருவாக்கும் பொத்தானையே எடுக்கச் சொல்லிவிட்டோம். பெயரும் எண்ணும் ஒவ்வாமையும் பொது மென்பொருளிலிருந்து கண் பிரிவுக்கு வரும். கண் அழுத்தம், பார்வை அளவு, மருந்து மூன்றும் கண் பிரிவிலிருந்து திரும்பப் போகும். மற்ற நுணுக்கமெல்லாம் கண் பிரிவிலேயே இருக்கட்டும், எலும்பு டாக்டருக்கு உருளை அச்சு எதற்கு?

ஸ்கேன் பிரிவின் படங்களைச் சேமிப்பதும் தனி மென்பொருள்தான். அதைப் பற்றி இத்தனை ஆண்டுகளில் ஒரு சண்டை கிடையாது. மருத்துவப் படங்களைப் பரிமாறிக்கொள்ள டைகாம் என்ற பொது முறை 1993 முதல் இருக்கிறது. பதிவில் உள்ள பெயர் ஸ்கேன் இயந்திரத்தின் பட்டியலுக்கே போய்விடுவதால் தொழில்நுட்பர் தட்டச்சு செய்வதே இல்லை. தனியா, சேர்ந்ததா என்று அங்கே எவரும் கேட்பதில்லை. கண் பிரிவிலும் இப்படிப் பேசிக்கொள்ளும் மென்பொருளைத் தேடியிருந்தால் ஒரு வருட அவதி மிச்சமாகியிருக்கும்.

2021இல் மத்திய அரசின் டிஜிட்டல் சுகாதார இயக்கம் வந்தபின் நோயாளிக்கு அதில் தரும் பதினான்கு இலக்கச் சுகாதாரக் கணக்கு எண்ணையும் (ஆபா) கேட்கிறோம். சென்னையில் வைத்தியம் பார்த்த பதிவுகளை நோயாளியின் சம்மதத்தோடு இங்கே பார்க்க அது உதவும். எண் உருவாக்க ஆதாரோடு இணைந்த போனுக்கு ஓ.டி.பி. வரும். அந்தப் போன் பல நேரம் சிங்கப்பூரில் மகன் கையில் இருக்கிறது. ஆச்சி இங்கே நாற்காலியில் காத்திருக்கிறார்.

பொது மென்பொருள்காரர்கள் போன வருடம் தங்களுடைய கண் பிரிவுப் பக்கத்தைக் கொண்டுவந்து காட்டினார்கள். முன்னைவிட எவ்வளவோ தேவலை. இரண்டு கண்களும் தனித்தனியாக இருக்கின்றன. லென்ஸ் கணக்கு மட்டும் இன்னும் இல்லை. புரை அறுவை செய்யாமல் வாரம் ஒருமுறை கண் டாக்டர் வந்துபோகும் இடமாக இருந்தால் அதையே வாங்கச் சொல்வேன். எங்களுக்குப் போதாது. டயாலிசிஸ், குழந்தைப்பேறு சிகிச்சை போன்ற பிரிவுகளிலும் தனி மென்பொருள் வேண்டியிருக்கும் என்றுதான் நினைக்கிறேன். மற்ற பிரிவுகளில் டாக்டர்கள் ஆசைப்பட்டுக் கேட்டாலும் ஒரு வருடம் தள்ளிப்போடுங்கள்.

வாங்குமுன் ஒன்று செய்யுங்கள்: விட்டுப் போகும்போது தரவை எந்த வடிவில் திருப்பித் தருவார்கள் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்குங்கள். 2018க்கு முன் எங்களிடம் பில்லுக்கு மட்டும் ஒரு பழைய மென்பொருள் இருந்தது. அதை விட்டபோது எல்லாவற்றையும் பி.டி.எஃப். கோப்புகளாகக் கையில் கொடுத்தார்கள். தமிழ்ப் பெயர்கள் ஏதோ பழைய எழுத்துருவில் இருந்ததால் முக்கால்வாசி கேள்விக்குறிகளாக அச்சாகின. அந்தப் பெயர்களை ரெக்கார்டு அறை நோட்டைப் பார்த்து இன்னும் திருத்திக்கொண்டிருக்கிறோம். 'வ' வரிசை வரை வந்திருக்கிறது.