சாப்பாட்டுக் கூடத்துச் சத்தத்துக்கு எது சரி: விளக்கா, கொடியா, தூக்கிய கையா?

எங்கள் பள்ளியில் மதியச் சாப்பாட்டு நேரத்தைப் பார்த்துக்கொள்ளும் பொறுப்பு இரண்டு வருடமாக என்னிடம் இருக்கிறது. ஒரு நேரத்தில் 140 பிள்ளைகள் உட்காருவார்கள். தகரக் கூரை, சிமெண்ட் தரை, எவர்சில்வர் தட்டு, இந்த மூன்றும் சேர்ந்தால் என்ன ஆகும் என்பது சத்துணவுக் கூடத்தில் ஒரு நாள் நின்றவர்களுக்குக்கூடத் தெரியும். மொபைலில் சவுண்ட் மீட்டர் ஆப் போட்டுப் பார்த்தேன், 85, 88 டெசிபல் என்று ஓடியது. மொபைல் மைக்கை நம்பி அடித்துச் சொல்ல முடியாது, ஒரு குத்துமதிப்புதான். ஆனாலும் சாதாரணப் பேச்சு 60 டெசிபல் அளவில்தான் இருக்கும், எட்டு மணி நேரம் வேலை செய்யும் தொழிலாளிக்கே 85-ஐத் தாண்டக் கூடாது என்று அமெரிக்காவின் தொழில் பாதுகாப்பு, உடல்நல ஆய்வு நிறுவனமான நையோஷ் சொல்கிறது என்றெல்லாம் தெரிந்த பிறகு அந்த எண்ணைப் பார்த்துவிட்டுச் சும்மா இருக்க முடியவில்லை.

இருபது நிமிடத்தில் யாருக்கும் காது போய்விடாது, அது எனக்கும் தெரியும். என்னை உறுத்தியது வேறு. நான்காம் வகுப்பில் காது கேட்கும் கருவி போட்ட ஒரு பிள்ளை இருக்கிறாள். கூடத்து வாசலுக்கு வந்ததும் கருவியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொள்வாள், சாப்பிட்டுக் கை கழுவிய பிறகுதான் திரும்ப மாட்டுவாள். அந்தக் கருவிக்குப் பேச்சும் ஒன்றுதான், தட்டு விழுவதும் ஒன்றுதான், எல்லாம் சேர்ந்து காதுக்குள் வந்து கொட்டும். மற்ற பிள்ளைகள் கதை பேசிச் சிரிக்கும் அந்த நேரம் முழுக்க அவள் எதையும் கேட்காமல் சாப்பிட்டு எழுந்து போகிறாள் என்பது எனக்கு உறைக்கவே ஒரு மாதம் ஆனது.

அதுவரை நாங்கள் வைத்திருந்த வழி விசில். அது போதாவிட்டால் மேசையில் ஸ்கேலால் தட்டுவது, அதுவும் போதாவிட்டால் கத்துவது. இது ஏன் எடுபடாது என்பதற்கு ஒரு பழைய விளக்கம் இருக்கிறது. 1911-இல் எத்தியென் லொம்பார் என்ற பிரெஞ்சுக் காது மருத்துவர் கண்டு சொன்னது: சுற்றிலும் சத்தம் கூடினால் மனிதன் தன்னை அறியாமலே குரலை உயர்த்துவான். கூடத்தில் நடப்பதும் இதுதான். ஒரு வரிசை கொஞ்சம் உரக்கப் பேசினால் அடுத்த வரிசை அதை மீறிப் பேசும், அதை மீறி மூன்றாவது வரிசை, இப்படியே ஏறிக்கொண்டு போகும், இதில் எந்தப் பிள்ளையும் வேண்டுமென்று கத்தவில்லை. அதற்கு மேல் நாம் விசில் ஊதினால் இன்னும் ஒரு படி. அதனால்தான் சத்தத்தைக் கண்ணால் காட்டும் வழிகளைத் தேட ஆரம்பித்தேன். சிலவற்றைச் செய்து பார்த்தோம், சிலவற்றை வேறு இடங்களில் பார்த்தேன்.

ஒன்றை முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். பிள்ளைகள் வாய் பொத்திச் சாப்பிட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. காலையிலிருந்து 'பேசாதே' என்று கேட்டே வந்திருக்கிறார்கள், சாப்பாட்டு நேரத்திலாவது பேசட்டும். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பிள்ளை குரலை உயர்த்தாமல் சொல்வது இந்தப் பிள்ளைக்குக் கேட்க வேண்டும். அவ்வளவுதான் என் அளவுகோல்.

முதலில் விளக்கு. வெளிநாட்டுப் பள்ளிகளில் பல வருடமாகப் புழக்கத்தில் இருப்பது டிராஃபிக் சிக்னல் மாதிரியான கருவி. அமெரிக்காவில் 'யாக்கர் டிராக்கர்' என்று ஒன்று விற்கிறது, பார்க்கவே குட்டி சிக்னல் கம்பம்தான். டென்மார்க்கின் 'சவுண்ட்இயர்' பெரிய காது வடிவத்தில் சுவரில் தொங்கும். இரண்டும் ஒரே வேலையைத்தான் செய்கின்றன: நாம் வைத்த எல்லைக்குள் இருந்தால் பச்சை, நெருங்கினால் மஞ்சள், தாண்டினால் சிவப்பு. அதை வாங்க எங்களுக்கு வசதி இல்லை. எங்கள் அறிவியல் சார் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளை வைத்து ஒரு ஆர்டுயினோ போர்டு (நிரல் எழுதி இயக்கும் சின்ன மின்னணுப் பலகை), மூன்று விளக்கு, ஒரு மைக் மாட்யூல் எல்லாம் சேர்த்து நாலு சனிக்கிழமையில் செய்து கொடுத்தார். யாராவது இதைச் செய்வதாக இருந்தால் ஒரு விஷயம்: கடையில் கிடைக்கும் மலிவான மைக் மாட்யூல் டெசிபல் எல்லாம் காட்டாது. அதன் திருகைத் திருப்பி ஒரு எல்லை வைத்தால், தாண்டியதா இல்லையா என்று மட்டும் சொல்லும். மூன்று நிறம் வேண்டுமென்றால் சத்தத்தோடு ஏறி இறங்கும் அனலாக் அளவைப் படித்து, கூடத்தில் நின்றே எல்லைகளை நாமாக வகுக்க வேண்டும்.

முதல் நாள் பிரமாதமாக இருந்தது, கூடமே அந்த விளக்கை அண்ணாந்து பார்த்துக்கொண்டு சாப்பிட்டது. இரண்டாவது நாள் ஒரு தட்டு கீழே விழுந்தது, உடனே சிவப்பு. பிள்ளைகளுக்குப் புரிந்துவிட்டது. மூன்றாவது நாள் கடைசி வரிசையில் நாலு பையன்கள் ஒன்று, இரண்டு, மூன்று சொல்லி ஒன்றாகக் கத்தினார்கள், சிவப்பு எரிந்ததும் ஒரே கைதட்டல். தட்டுப் பிரச்சினைக்கு வழி இருந்தது, அந்த நொடிச் சத்தத்தைப் பார்க்காமல் பத்து நொடிச் சராசரியைப் பார்க்கும்படி நிரலை மாற்றினோம், ஒற்றைத் தட்டு விழுந்தால் இப்போது அசையாது. விலை கொடுத்து வாங்குகிறவர்களும் இந்த வசதி இருக்கிறதா என்று கேட்டு வாங்குங்கள், நம் எவர்சில்வர் தட்டுகளுக்கு இது இல்லாமல் முடியாது.

தீராத குறை ஒன்று உண்டு. மைக் ஓரிடத்தில்தான் இருக்கும். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் சத்தம் 6 டெசிபல் குறையும், கூடத்துக்குள் எதிரொலியால் அவ்வளவு குறையாது என்றாலும் மைக்குக்குப் பக்கத்து வரிசைதான் எப்போதும் மாட்டும். அதோடு, சிவப்பு எரிந்தால் அது யாருக்கு? 140 பேருக்கும். என்னால் என்ன ஆகப் போகிறது என்று ஒவ்வொரு பிள்ளையும் நினைக்கும். 2020 தொடக்கத்தில் மும்பை போக்குவரத்துக் காவல்துறை வெளியிட்ட வீடியோ நினைவிருக்கலாம், சில சிக்னல்களில் டெசிபல் மீட்டரை இணைத்து, ஹாரன் சத்தம் 85-ஐத் தாண்டினால் சிவப்பு விளக்கு நேரம் முதலிலிருந்து தொடங்கும்படி வைத்தார்கள். பேசப்பட்ட யோசனைதான், ஆனால் அதிலும் ஹாரனே அடிக்காத ஸ்கூட்டர்காரரும் சேர்ந்துதான் காத்திருந்தார். பெரியவர்கள் அதைப் பொறுத்துக்கொள்ளலாம். ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் ஆறு வயதுப் பிள்ளைக்கு அது அநியாயமாகத்தான் தெரியும், அந்தப் பிள்ளை நினைப்பது சரியும்கூட.

ஆனாலும் அந்தக் கருவியை நான் தூக்கிப் போடவில்லை, அது எங்களுக்கு ஒன்றைக் கற்றுக்கொடுத்தது. சிவப்பு எரியும் நேரத்தை ஒரு வாரம் குறித்து வைத்தோம். பிள்ளைகள் சாப்பிடும்போது அநேகமாகப் பச்சைதான். தட்டோடு உட்கார்ந்து சாதத்துக்குக் காத்திருக்கும் ஏழெட்டு நிமிடமும், கடைசியில் தட்டு கழுவும் நேரமும்தான் சிவப்பு. பசியோடு சும்மா உட்கார வைத்தால் பேசாமல் என்ன செய்வார்கள்? அதன்பிறகு எல்லோரையும் ஒன்றாக உள்ளே விடாமல், பரிமாறப் பரிமாற வரிசை வரிசையாக விட ஆரம்பித்தோம். தட்டைத் தூக்கிப் போடும் தொட்டிக்குள் நனைத்த சாக்கு விரித்தார் சமையலக்கா. இந்த இரண்டும் செய்த அளவுக்கு எந்த விளக்கும் செய்யவில்லை என்பதை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

புரொஜெக்டரில் போடும் பந்து விளையாட்டு பற்றியும் கேட்கிறார்கள். 'பவுன்சி பால்ஸ்' என்ற இணையதளம், கணினி மைக் வழியாகச் சத்தத்தைக் கேட்டு, சத்தம் கூடக் கூடத் திரையில் வண்ணப் பந்துகள் துள்ளும். வகுப்பறையில் முப்பது பேர் எழுதிக்கொண்டிருக்கும்போது நன்றாக இருக்கும். சாப்பாட்டுக் கூடத்துக்கு வேண்டாம். பந்து துள்ளுவதைப் பார்க்கத்தான் பிள்ளைகளுக்கு ஆசை, அதற்காகவே கத்துவார்கள், சாப்பாடும் இறங்காது.

லைட்டை அணைத்துப் போடுவது இன்னொன்று. காது கேளாதோர் ஒருவரையொருவர் கூப்பிடப் பல காலமாகப் பயன்படுத்தும் வழி இது, செலவே கிடையாது. ஆனால் நம் ஊர் மதிய வெயிலில் டியூப்லைட் எரிகிறதா இல்லையா என்றே யாருக்கும் தெரியாது. விடுதிகளில் இரவுச் சாப்பாட்டுக்கு வேண்டுமானால் பார்க்கலாம். அங்கேயும் எல்லா விளக்கையும் அணைக்காதீர்கள், சின்னப் பிள்ளைகள் பயந்துவிடும்.

அப்புறம் கை. ஆசிரியர் பேசாமல் கையைத் தூக்கி நிற்பார், பார்த்த பிள்ளை பேச்சை நிறுத்திக் கையைத் தூக்கும், அதைப் பார்த்து அடுத்தது. சாரணர் இயக்கத்தில் இருந்தவர்களுக்கு இது புதிதில்லை. ஜெர்மனியில் 'அமைதி நரி' என்று ஒரு முத்திரை, சுண்டுவிரலும் ஆள்காட்டி விரலும் காது மாதிரி நிமிர்ந்திருக்க, நடுவிரல்கள் இரண்டும் கட்டைவிரலைத் தொட்டு மூடிய வாய் மாதிரி இருக்கும். துருக்கியின் தீவிர தேசியவாதிகளான 'சாம்பல் ஓநாய்கள்' காட்டும் முத்திரையும் ஏறக்குறைய இதேதான் என்பதால் ஜெர்மனியிலேயே சில இடங்களில் அதை வேண்டாம் என்று சொல்ல ஆரம்பித்தார்கள். எந்தச் சைகை எடுத்தாலும் அது உங்கள் ஊரில் வேறு எதையாவது குறிக்கிறதா என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

எங்கள் கூடத்தில் கை முறைக்கு வந்த சிக்கல் எச்சில் கை. முதல் நாள் 'எல்லோரும் கையைத் தூக்குங்க' என்றதும் பாதிப் பேர் சாம்பார் ஒழுகும் வலது கையைத் தூக்கினார்கள், முன்னால் இருந்தவன் தலையெல்லாம் சோறு. இடது கை என்று மாற்றியதும் சரியாகிவிட்டது. கால் நிமிடத்தில் கூடம் அடங்குகிறது, நம்பவே முடியாது. அறிவிப்பு சொல்ல, யாராவது விழுந்துவிட்டால் உடனே கவனத்தைத் திருப்ப, இதற்கு மிஞ்சியது கிடையாது. ஆனால் கையை இறக்கிய இரண்டாவது நிமிடம் சத்தம் பழைய இடத்துக்கு வந்துவிடும். ஒரு நாளில் ஒருமுறை, மிஞ்சினால் இரண்டு முறை. அதற்கு மேல் தூக்கினால் பிள்ளைகள் பார்க்கவே மாட்டார்கள்.

கடைசியாக, நான் பிடித்துக்கொண்ட முறை, வரிசைக்கு ஒரு கொடி. அமெரிக்கப் பள்ளிகளில் மேசைக்கு மேசை பச்சை, மஞ்சள், சிவப்பு கப்புகளை ஒன்றின் மேல் ஒன்று கவிழ்த்து வைத்து, அந்த மேசையின் நிலைக்கு ஏற்ற நிறத்தை மேலே வைப்பார்கள். தரையில் பந்தியாக உட்காரும் நமக்குக் கப் தெரியாது, காலில் பட்டு உருளும். அதனால் ஒரு லிட்டர் எண்ணெய் பாட்டிலில் மணல் நிரப்பி, அதில் ஒரு குச்சி, குச்சியில் துணிக்கொடி. பன்னிரண்டு பேர் வரிசைக்கு ஒன்று. அட்டையில் செய்தது ஒரே வாரத்தில் ரசத்தில் ஊறிப் போய்விட்டது, துணியே செய்யுங்கள்.

முதலில் பச்சையும் சிவப்புமாகத்தான் தைத்தோம். ஐந்தாம் வகுப்புப் பையன் ஒருவன் ஒவ்வொரு தடவையும் மாற்றி மாற்றி எடுத்தான், கவனமில்லை என்று நானே கடிந்துகொண்டேன், அதற்காக இன்றும் வருந்துகிறேன். அவனுக்குச் சிவப்பும் பச்சையும் பிரித்துத் தெரியவில்லை. பையன்களிடம்தான் இது அதிகம், 140 பேரில் ஒன்றிரண்டு பேராவது இருப்பார்கள் என்று நான் முன்பே யோசித்திருக்க வேண்டும். இப்போது நிறத்தை நம்புவதில்லை. கொடி உச்சியில் இருந்தால் எல்லாம் சரி, பாதிக்கு இறங்கினால் குரலைக் குறை, கீழே இறங்கிவிட்டால் ஒரு நிமிடம் கிசுகிசுப் பேச்சு மட்டும், பிறகு மறுபடி ஏற்றிவிட வேண்டும். டிராஃபிக் விளக்கு மாதிரிக் கருவி வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்வேன், எந்த இடத்து விளக்கு எரிகிறது என்பதை வைத்துப் புரியும்படி சொல்லிக்கொடுங்கள்.

கொடியை இறக்கி ஏற்றுவது அந்த வரிசைப் பிள்ளை ஒன்றுதான், வாரம் ஒருவர். ஆசிரியர் தொடக் கூடாது என்பது நாங்களே போட்டுக்கொண்ட விதி. ஆரம்பத்தில் சண்டை வந்தது, 'டீச்சர், அவன் வேணும்னே இறக்குறான்' என்று வரிசைக்கு இரண்டு புகார். வாரம் மாற மாற, எல்லோருக்கும் முறை வந்த பிறகு அது குறைந்தது. விளக்கைவிட இது ஏன் மேல் என்றால், பன்னிரண்டு பேருக்குள் யார் சத்தம் என்பது அவர்களுக்கே தெரியும். கொடி பாதிக்கு இறங்கினாலே பக்கத்தில் இருப்பவன் தொடையில் தட்டிவிடுவான். லொம்பார் சொன்ன அந்த ஏறுமுகம் ஒரு வரிசையிலேயே நின்றுவிடுகிறது, அடுத்த வரிசைக்குப் பரவுவதற்குள். குறை இல்லாமல் இல்லை: ஒன்று, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளால் இதை நடத்த முடியவில்லை, அவர்கள் வரிசைக்கு ஒரு பெரிய பிள்ளை வேண்டும். விடுமுறை முடிந்து வந்தால் முதலிலிருந்து பழக்க வேண்டும்.

எந்த முறையானாலும் ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். சிவப்பு வந்தால் முட்டை கடைசியில்தான், சாதம் நிறுத்தப்படும், எழுந்து நின்று சாப்பிடு, இப்படி எதுவும் கூடவே கூடாது. இதை ஒரு வழியாகச் சொல்கிறவர்களைக் கேட்டிருக்கிறேன். சாப்பாடு பிள்ளையின் உரிமை, அதைச் சத்தத்தோடு கட்டிப் போட யாருக்கும் அதிகாரம் இல்லை. பிள்ளைகளை உடலாலும் மனதாலும் வதைப்பதை 2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவே தடுக்கிறது. சட்டம் இல்லாவிட்டாலும், பசித்த பிள்ளைக்கு முன்னால் தட்டைக் காட்டி மிரட்டுவது தப்பு.

ஆக, எதை எடுப்பது? தரையில் பந்தி உட்காரும் எங்களை மாதிரிப் பள்ளிக்கு வரிசைக் கொடி, கூடவே அறிவிப்புக்கு இடது கை. மேசை போட்ட பெரிய உணவுக்கூடம், முந்நூறு பேருக்கு மேல் என்றால் மேசைக்கு மேசை கப், மேற்பார்வையாளர்களுக்காக ஒரு மீட்டர். அந்த மீட்டரை முதல் ஒரு மாதம் பிள்ளைகள் கண்ணில் படாமல் வையுங்கள், எந்த நேரத்தில் சிவக்கிறது என்று பாருங்கள், அந்த நேரத்தில் என்ன நடக்கிறது என்று பார்த்து முதலில் அதைச் சரி செய்யுங்கள். விடுதி இரவுச் சாப்பாடு என்றால் லைட்டை ஒருமுறை அணைத்து எரியவிடுவதே போதும்.

நாலாம் வகுப்புப் பிள்ளை இப்போது சுவரோர வரிசையில் உட்காருகிறாள், தட்டுத் தொட்டியிலிருந்து தள்ளி. கருவியை எல்லா நாளும் போட்டுக்கொள்வதில்லை. போன வாரம் மூன்று நாள் போட்டிருந்தாள்.