பவர் ஃப்ளஷ்ஷா, மேக்னெட்டிக் ஃபில்டரா?

லண்டனில் நாங்கள் வாங்கிய வீட்டில் முதல் குளிர்காலமே முன்னறை ரேடியேட்டர் (பாய்லரில் சுட்ட தண்ணீர் உள்ளே ஓடி அறையைச் சூடாக்கும் எஃகுப் பலகை) மேலே சுட்டது, கீழே சில்லென்று கிடந்தது. மேல்பக்கம் ஆறிக் கிடந்தால் காற்று அடைத்திருக்கும். சாவியால் திருகி வெளியேற்றினால் போதும். கீழ்ப்பக்கம் என்றால் கசடு. கொஞ்சம் தண்ணீரைப் பிடித்துப் பார்த்தோம், மை மாதிரி கறுப்பு. ரேடியேட்டரின் எஃகு உள்ளுக்குள் அரித்து உண்டாகும் மேக்னடைட் அது, காந்தத்தில் ஒட்டும் இரும்பு ஆக்சைடு.

வந்து பார்த்தவர்களில் ஒருவர் பவர் ஃப்ளஷ் என்றார்: இயந்திரத்தை இணைத்து, மருந்து கலந்த தண்ணீரை வேகமாக ஓட்டி ஒரே நாளில் கழுவிவிடுவது. இன்னொருவர், கிளீனர் ஊற்றிச் சில நாள் ஓடவிட்டு வடித்துவிடுங்கள், பிறகு பாய்லருக்குத் திரும்பும் குழாயில் காந்தத்தால் கசடைப் பிடிக்கும் மேக்னெட்டிக் ஃபில்டர் பூட்டி, இன்ஹிபிட்டர் என்ற அரிப்புத் தடுப்பு மருந்தை ஊற்றுங்கள் என்றார். நாங்கள் இரண்டாவதை எடுத்தோம். முன்னறை ரேடியேட்டரை மட்டும் கழற்றித் தோட்டத்தில் ஹோஸ் வைத்துக் கழுவினோம். அந்தக் கறுப்புத் தண்ணீர் கார்பெட்டில் பட்டால் கறை போகாது, ஜாக்கிரதை.

செலவு குறைவு என்பது தெரிந்த விஷயம்தான். எங்களை முடிவெடுக்க வைத்தது பராமரிப்பு. பவர் ஃப்ளஷ் இருக்கிற கசடை வாரிக்கொண்டு போகும். நாளைக்கு அரிக்கப்போவதைத் தடுக்காது. அதை முடித்த பிறகும் இன்ஹிபிட்டர் ஊற்றத்தான் வேண்டும். ஃபில்டரும் தனியாக அரிப்பை நிறுத்தாது, உதிர்ந்ததைப் பிடித்துவைக்கும், அவ்வளவுதான். அரிப்பைத் தடுப்பது இன்ஹிபிட்டர். அதைக் கெடுப்பது நாம் அடிக்கடி உள்ளே விடும் புதுத்தண்ணீர்.

மூடிய சுற்றில் தண்ணீரோடு வந்த ஆக்சிஜன் தீர்ந்ததும் அரிப்பு வெகுவாகக் குறையும். பிரஷர் இறங்குகிறதே என்று ஃபில்லிங் லூப்பை (வெளித்தண்ணீரை உள்ளே நிரப்பும் இணைப்புக் குழாயை) திறக்கும் ஒவ்வொரு தடவையும் புது ஆக்சிஜன் நுழைகிறது, லண்டன் தண்ணீரின் சுண்ணாம்பும் கூடவே வருகிறது, கசிந்த அளவுக்கு இன்ஹிபிட்டரும் நீர்த்துப்போகிறது. நாங்கள் இரண்டு வாரத்துக்கு ஒருமுறை திறந்துகொண்டிருந்தோம். தேடிப் பார்த்ததில் பின்னறை வால்வில் மெல்லிய கசிவு, பச்சைக் கறையோடு. அதைச் சரிசெய்த பிறகு பிரஷர் காட்டும் முள் 1.2 பாரிலேயே நிற்கிறது. கசிவை விட்டுவிட்டு எதைச் செய்திருந்தாலும் பணம் வீண்தான்.

ஆண்டு சர்வீஸில் ஃபில்டரைத் திறக்கிறோம். முதல் வருடம் காந்தத்தில் தடித்த கறுப்புச் சேறு. அடுத்த வருடம் லேசான பூச்சு. உள்ளே என்ன நடக்கிறது என்று கண்ணால் பார்க்க முடிவது பெரிய நிம்மதி. பி.எஸ். 7593 என்ற பிரிட்டிஷ் தரநிலையின் 2019 பதிப்பும் ஃபில்டர் பொருத்தி, ஆண்டுதோறும் தண்ணீரைச் சோதித்து, 5 ஆண்டுக்கு ஒருமுறை இன்ஹிபிட்டரைப் புதுப்பிக்கவோ ஆய்வகத்தில் முழுமையாகச் சோதிக்கவோ சொல்கிறது.

பல ரேடியேட்டர்கள் ஒன்றாக அடைத்திருந்தாலோ, பழைய குழாய்களில் புது பாய்லர் பூட்டுவதாக இருந்தாலோ பவர் ஃப்ளஷ்ஷை நான் மறுக்க மாட்டேன். எங்களுடையது 8 ரேடியேட்டர், 15 மி.மீ. குழாய், அனுபவமும் மூன்று குளிர்காலம்தான். மெல்லிய மைக்ரோபோர் குழாய் உள்ள வீடுகளுக்கு எங்கள் கணக்கு பொருந்தும் என்று அடித்துச் சொல்ல மாட்டேன். அங்கே குழாயே அடைத்துக்கொள்ளும்.

அப்புறம், இன்ஹிபிட்டர் ஊற்றிய தேதியையும் அதன் பெயரையும் எழுதிப் பாய்லர் பக்கத்தில் ஒட்டிவையுங்கள். முந்தைய சொந்தக்காரர் அதைச் செய்யாததால்தான் நாங்கள் முதலிலிருந்து தொடங்க வேண்டியிருந்தது.